ஒரு விரற்கடை

"ஷூவைக் கழட்டுங்க."

"முடியாது."

அவர்கள் இருவரும் முதன்முதலில் பேசிக்கொண்டது இவ்வளவுதான். 'இது எங்கே உருப்படப் போகிறது?' என்று நீங்கள் கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டேன். அவளுக்கும் அப்போது அப்படித்தான் தோன்றியது.

அது ஒரு சைக்கிள் கடை. சுவர் நிறைய ஸ்பேனர்கள், தரை நிறைய கிரீஸ் கறை. கையில் டேப்போடு அவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் நீலச் சட்டையில், வேலைக்குச் சேர்ந்து இன்னும் ஒரு நாள்கூட முடியாத அவள், சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள். காலையில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து, குளிர்ப்பெட்டியில் வைத்து, சைக்கிளில் கூடத்துக்குக் கொண்டுவருகிற வேலை. ஓட்டுகிறவர் யாராக இருந்தாலும் முதலில் இந்தக் கடைக்கு வந்து, அவரவர் உடம்புக்குத் தகுந்தபடி சைக்கிளைச் சரி செய்துகொள்ள வேண்டும். கூடத்தை நடத்தும் மேடத்தின் உத்தரவு அது.

"எல்லாரும் கழட்டுவாங்கங்க. சுவரோரமா நிக்கணும். இந்தப் புத்தகத்தைக் கால் ரெண்டுக்கும் நடுவுல நீங்களே பிடிச்சுக்கணும். அது எங்க நிக்குதோ அங்க நீங்களே ஒரு கோடு போடணும். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன். வலது காலுக்கு ஒண்ணு, இடது காலுக்கு ஒண்ணு..."

"எதுக்கு ரெண்டு? எனக்கு ரெண்டு காலும் ஒண்ணுதான்!"

கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் அது தேவைக்கு அதிகமான சத்தம் என்று உறைத்தது. மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்று சும்மாவா சொன்னார்கள்!

கனம் இருந்தது. மடியில் இல்லை, இடது ஷூவுக்குள். ஒன்பது வயதில் மதில் மேலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது. ஆனால் இடது கால் ஒரு விரற்கடை குட்டையாகவே நின்றுவிட்டது. ஒரு விரற்கடை... ஆள்காட்டி விரலின் அகலம் எவ்வளவு இருக்குமோ அவ்வளவு. குதிகாலுக்கு அடியில் ரப்பர்த் துண்டு வைத்துக்கொண்டால் பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. முன்பு வேலை பார்த்த துணிக்கடையில் ஒருநாள் அந்தத் துண்டு கிழிந்துபோய், மாடிப்படியில் விந்தி விந்தி ஏறினாள். முதலாளி பார்த்தார். "வர்றவங்க முன்னாடி பாக்க நல்லா இல்லம்மா" என்றார். மறுவாரம் அவளுக்கு வேலை இல்லை.

அதனால்தான் இந்த வேலைக்கான படிவத்தில், 'உடலில் குறை ஏதேனும் உண்டா?' என்ற கேள்விக்கு எதிரே 'இல்லை' என்று எழுதினாள். பக்கத்தில் உட்கார்ந்து எழுத வைத்தவள் அக்கா. "யாருக்கும் தெரியாத வரைக்கும் அது குறையே இல்லடி, குட்டி." ஒரு மாதம் சோதனைக் காலம். அதைத் தாண்டிவிட்டால் வேலை நிரந்தரம். ஒரே ஒரு மாதம் யாருக்கும் தெரியாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்படியிருக்க, முதல் நாளே இப்படி ஒருவன் டேப்போடு வந்து உட்கார்ந்தால் எங்கே போய் ஒளிவது?

அவன் நிமிர்ந்து பார்த்தான். பெரிய கண்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் அவை எதையும் ஒருமுறை பார்த்துவிட்டு விடாத கண்கள்... பார்த்ததையே இன்னொரு முறை பார்த்து, 'சரிதானா?' என்று கேட்டுக்கொள்ளும் கண்கள். மறைக்க ஒன்றை வைத்திருப்பவள் இப்படிப்பட்ட கண்ணிலா வந்து விழ வேண்டும்!

"சரிங்க, ஷூவோடயே அளந்துக்கலாம். ஷூ உயரத்தைக் கழிச்சுக்கிறேன்" என்று அவன்தான் இறங்கி வந்தான்.

அவனுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. 'சந்தேகம்.' பரிசோதனைக் கூடத்தில் சைக்கிள் ஓட்டும் அத்தனை பேரும் அப்படித்தான் சொல்வார்கள். ஒரு நட்டை முடுக்குவான். ஆட்டிப் பார்ப்பான். நாலடி போவான். திரும்பி வந்து மறுபடி முடுக்குவான். கூடத்தின் முப்பது சைக்கிளும் அவன் பொறுப்பு, கடையின் பிழைப்பே அதில்தான் ஓடியது. ஓட்டுகிற ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை எழுதி ஆணியில் மாட்டியிருப்பான். சீட் எவ்வளவு உயரம், ஹேண்டில்பார் எவ்வளவு தூரம், என்றைக்கு என்ன மாற்றினான்... எல்லாம் அதில் இருக்கும். அட்டையில் எழுதாமல் அவன் ஒரு திருகாணியைக்கூடத் தொட மாட்டான் என்று ஊரே சொல்லும்.

சைக்கிளின் பின்சக்கரத்தை ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தி அவளை ஏறி உட்காரச் சொன்னான்.

"குதிகாலை பெடல் மேல வெச்சு மிதிங்க. கீழ போறப்போ கால் நேரா நீளணும், எட்டணும்னு இடுப்பு சாயக் கூடாது."

மிதித்தாள். குதிகாலில் ரப்பர் இருந்தது. இடுப்பு சாயவில்லை. அப்பாடா!

"இப்ப பிரேக்கைப் பிடிங்க. ரெண்டு விரல் போதும்."

பிடித்தாள். விரல் நுனி மட்டும்தான் எட்டியது. அவன் முகம் சுருங்கிவிட்டது. "எட்டலியே... இப்படி விட்டா குறுக்க ஒருத்தர் வந்தா நீங்க விரலை நீட்டிப் பிடிக்கிறதுக்குள்ள ஆபத்து வந்துடும்" என்று ஏதோ அந்த ஆபத்து கடை வாசலில் நிற்பதுபோலப் பதறினான். ஒரு சின்னத் திருகாணியைத் திருப்பித் திருப்பி பிரேக் கம்பியை உள்ளே கொண்டுவந்தான். "இப்ப?" இன்னும் கொஞ்சம். "இப்ப?" அவள் விரல்களைத் தொடாமலே, அந்த விரல்களுக்காக ஆறு தடவை திருகினான். ஏழாவது தடவை பிரேக் அவள் விரலுக்குள் தானாக வந்து உட்கார்ந்தது.

"என் கை சின்னது" என்றாள், ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வது போல.

"கை சரியாத்தான் இருக்குங்க. பிரேக்குதான் தூரமா இருந்துச்சு."

இந்த ஒரு வாக்கியத்தை அவள் அன்று ராத்திரி வரை சும்மா சும்மா நினைத்துப் பார்த்தாள். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இதுவரை அவளிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை, அதுதான் காரணம்.

சனிக்கிழமைதோறும் மதியம் சைக்கிள் கடைக்கு வர வேண்டும். அதுவும் மேடத்தின் உத்தரவுதான். முதல் சனிக்கிழமை அவள் நாலு நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டாள். அவனோ அதற்கும் முன்பே முகம் கழுவித் தலை வாரி நின்றிருந்தான்.

"என்ன, இன்னிக்கு நட்டெல்லாம் எத்தனை தடவை முடுக்கப் போறீங்க?"

"மூணுதான்."

"நாலாவது முடுக்கினா?"

"அது வியாதிங்க" என்றான் தீவிரமாக. அவள் சிரித்துவிட்டாள். அவள் சிரித்ததும் அவன் கையிலிருந்த ஸ்பேனர் தடாலென்று கால் மேல் விழுந்தது. வலிக்கவே இல்லை என்று சாதித்தவன், மூன்று நாள் விந்தி விந்தி நடந்தானாம். கூடத்துப் பையன்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. அவன் யாருக்கும் ஒளிக்காமல் விந்தினான்... அவ்வளவு சுலபமா அது?

இரண்டாவது வாரம் வலி ஆரம்பித்தது. பின்னே என்ன? ஓட்டும்போது பெடலை மிதிப்பது குதிகால் இல்லை, முன்பாதம். ரப்பரோ குதிகாலுக்கு அடியில்! ஒவ்வொரு சுற்றுக்கும் இடது கால் எட்டாமல் இடுப்பை இழுத்துக்கொண்டு கீழே போனது. ஒரு நாளைக்குப் பதினைந்து வீடு. சாயங்காலம் இடுப்பும் முழங்காலும் கழன்று போகிற மாதிரி இருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அந்தச் சனிக்கிழமை கடை வாசலில் ஒரு சுற்று ஓட்டிக் காட்டச் சொன்னான். ஓட்டினாள். திரும்பி வந்தபோது அவன் முகத்தில் சிரிப்பில்லை.

"இடது பக்கமா இடுப்பு இறங்குதுங்க. உங்களுக்கு கால்ல ஏதாச்சும்..."

"என்ன ஏதாச்சும்?"

"இல்ல... பழைய அடி, கிடி... சொன்னீங்கன்னா..."

பார்த்துவிட்டான். இவன் எழுதுவான், அட்டையில் எழுதி ஆணியில் மாட்டுவான், மேடம் படிப்பார், அத்தோடு முடிந்தது.

"என் காலைப் பத்திப் பேச நீங்க யாரு? உங்க வேலை சைக்கிள்தானே? சைக்கிளை மட்டும் பாருங்க!"

அவள் விறுவிறுவென்று வெளியே வந்துவிட்டாள். தெருமுனை திரும்பியதும் கண்ணில் நீர் முட்டியது. யார் மேல் கோபம்? அவன் மேலா? சீ... அவன் என்ன செய்தான் பாவம். பயம்தான் அவள் வாயில் உட்கார்ந்துகொண்டு அப்படிப் பேசியது.

மூன்றாவது சனிக்கிழமை பேச்சே இல்லை. சைக்கிளை நிறுத்தினாள். அவன் தலையாட்டினான். சாயங்காலம் ஆள் கொண்டுவந்து கூடத்தில் விடுவார் என்றான். 'அன்னிக்கு ஏதோ கோபத்துல...' என்று தொண்டை வரை வந்ததை அவள் விழுங்கினாள். அவனும் எதையோ விழுங்கிக்கொண்டிருந்தான் என்பது அவளுக்கு அன்று தெரியாது.

அன்று மாலை வீட்டில் அக்கா கத்தரிக்கோலை எடுத்தாள். பழைய ரப்பர் விரிப்பை வெட்டி, நுனி முதல் குதிகால் வரை முழு ஷூவுக்கும் கனமாக ஓர் அட்டை செய்தாள். சரியாக ஒரு விரற்கடை.

"குதிகால் துண்டை எடுத்துட்டு இதை வெச்சுக்கோ, முன்பாதத்துக்கும் சேர்த்து. வலி நின்னுடும். இன்னும் ஒரே வாரம்தான்டி. அப்புறம் வேலை உன்னோடது."

"ஷூ டைட்டா இருக்குக்கா. குதிகால் வெளிய வருது."

"கயித்தை இழுத்துக் கட்டு."

இழுத்துக் கட்டினாள்.

திங்கட்கிழமை காலை மழை. பெரிய மழை இல்லை, போவதா நிற்பதா என்று தீர்மானிக்காத மழை. சைக்கிளில் ஏறியதுமே இடது முழங்கால் வழக்கத்தைவிட மேலே வந்தது. புது அட்டை, பழகப் பழகச் சரியாகிவிடும் என்று நினைத்தாள். பெடல் இரண்டுக்கும் புது ரப்பர் மாற்றியிருப்பதைப் பார்த்தாள். 'சைக்கிளை மட்டும் பார்த்திருக்கார்' என்று மனசு சுருக்கென்றது.

எட்டு வீடு ஆயிற்று. ஒன்பதாவது வீட்டில் ஒரு கைக்குழந்தை. ஊசியைப் பார்த்ததும் வீறிட்டது. அதன் அம்மாவுக்கும் கண்ணீர், அவளுக்கும் கண்ணீர். ஒருவழியாக எடுத்து, குழாயை மூடி, பெட்டியில் பத்திரமாக வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

சரிவு முடியும் இடத்தில் ஒரு வேன் சடாரென்று குறுக்கே திரும்பியது. பிரேக்கைப் பிடித்தாள். பிரேக் கச்சிதமாகப் பிடித்தது. சைக்கிள் நின்றது. இடது காலை ஊன்ற வேண்டியதுதான் பாக்கி... ஷூ பெடல் ரப்பரின் விளிம்பில் மாட்டிக்கொண்டது. அட்டை அடைத்த ஷூவிலிருந்து கால் மட்டும் நழுவி வெளியே வந்தது. ஈரத் தரை. வெறும் காலுறை. அவள் ஒரு பக்கம், சைக்கிள் ஒரு பக்கம், பெட்டி ஒரு பக்கம்!

முழங்கை சிராய்ந்தது, அது போகட்டும். பெட்டியைத் திறந்தாள். ஒன்பதில் இரண்டு குழாய் உடைந்திருந்தது. ஒன்று குழந்தையுடையது.

மேடத்தின் அறையில் மேசைமேல் உடைந்த குழாய்கள் ஒரு தட்டில் இருந்தன. மேடம் குரலை உயர்த்தவே மாட்டார். அதுதான் எல்லாருக்கும் பயம்.

"அந்தக் குழந்தைக்கு மறுபடியும் ஊசி போடணும். யாரால? உன்னாலயா, சைக்கிளாலயா? எனக்கு அது தெரிஞ்சாகணும்."

அவள் பதில் சொல்வதற்குள் கதவருகே நிழல் விழுந்தது. அவன்தான். மழையில் நனைந்து, ஒரு கையில் கடை ஆணியில் மாட்டியிருந்த அவளுடைய அளவு அட்டையும் மறுகையில் கழற்றிய பெடலுமாக நின்றான். மேடம் போன் செய்த பத்தாவது நிமிடத்தில் ஓடி வந்திருந்தான். கீழே சாய்ந்து கிடந்த சைக்கிளைப் பார்த்துவிட்டுத்தான் மேலே வந்திருக்கிறான் என்பது முகத்திலேயே தெரிந்தது. அந்த முகத்தில் ரத்தமே இல்லை. அவளுடைய முழங்கையைப் பார்த்தான். இன்னொரு முறை பார்த்தான்.

"என் தப்புதாங்க மேடம்." பெடலை மேசைமேல் வைத்தான். "இடது பெடல்ல ஒரு விரற்கடை கனமா ரப்பர் கட்டை வெச்சேன். வலதுல மெல்லிசா. மேல பாத்தா ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும். அதுதான் காலை மாட்டியிருக்கு."

அவள் பெடலையே பார்த்தாள். ஒரு விரற்கடை! அவள் காலுக்கு அடியில் ஒன்று, அதற்கும் அடியில் இவன் வைத்தது ஒன்று. அவளுக்குத் தெரியாமல் அவனும், அவனுக்குத் தெரியாமல் அவளும்... அதனால்தான் அந்த முழங்கால் அப்படி மேலே வந்ததா!

மேடம் அட்டையைப் புரட்டினார். "இதுல எழுதலியே. எதுக்காக வெச்சீங்க?"

அவன் ஒரு கணம் அவளைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

"வேற ஆளோட பெடலை இதுல மாட்டிட்டேன். ஞாபக மறதி."

ஞாபக மறதி! சந்தேகத்துக்கு ஞாபக மறதி! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற பொய். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன் காது சிவந்து போயிற்று. ஆனாலும் சொன்னதை மாற்றவில்லை.

"அப்படின்னா தப்பு உங்களோடதுன்னு எழுதிக் கொடுத்துட்டு நீங்க போகலாம். இனிமே எங்க சைக்கிள் எதுவும் உங்க கடைக்கு வராது." மேடம் அவள் பக்கம் திரும்பினார். "உன் மேல தப்பில்ல. கைக்கு மருந்து போட்டுக்கோ. நாளைக்கு வழக்கம்போல வா."

அவ்வளவுதான். முடிந்தது. அவள் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை, தலையாட்டிவிட்டு வெளியே போனால் போதும். இன்னும் ஐந்தே நாள். வேலை அவளுடையது. 'யாருக்கும் தெரியாத வரைக்கும்டி...' என்று அக்கா காதுக்குள் சொன்னாள். கதவு வரைக்கும் நடந்தாள். கைப்பிடியைப் பிடித்தாள்.

பின்னால் அவன் பேனா கேட்டான். மேடம் கொடுத்தார். அவன் குனிந்து எழுத ஆரம்பித்தான். முப்பது சைக்கிள்... அவன் பிழைப்பு முழுக்க அந்த ஒரு தாளில் போய்க்கொண்டிருந்தது. இவள் காலைக் காப்பாற்ற, அவன் தன் காலை வெட்டிக்கொண்டிருக்கிறான்!

"நிறுத்துங்க!"

அது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகம். திரும்பி வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து இடது ஷூவின் கயிற்றை அவிழ்த்தாள். மழையில் நனைந்த முடிச்சு இறுகியிருந்தது. பல்லைக் கடித்து இழுத்தாள். அக்கா வெட்டிய ரப்பர் அட்டையை உருவி, பெடலுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"என் இடது கால் குட்டை, மேடம். படிவத்துல பொய் எழுதினேன். அவர் கேட்டப்போ சண்டை போட்டேன். அவர் கட்டை மட்டும் இருந்திருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. நானும் ஒண்ணு திணிச்சு வெச்சேன். அதனாலதான் கால் நழுவிச்சு. தப்பு என்னோடது."

"இல்ல மேடம், சொல்லாம வெச்சது நான்..." என்று அவன் துள்ளினான்.

"நான் சொல்லியிருந்தா நீங்க ஏன் சொல்லாம வெப்பீங்க?"

"நான் எழுதியிருந்தா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்ல?"

"எழுதியிருந்தா நான் உங்களை உண்டு இல்லைன்னு ஆக்கியிருப்பேன்!"

"அதுக்குத்தாங்க எழுதல!"

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "தப்பு யாரோடதுன்னு கேட்டா எல்லாரும் அடுத்தவங்களைக் காட்டுவாங்க. பங்காளிச் சண்டை மாதிரி தப்புக்கு அடிச்சுக்கிறவங்களை நான் இப்பதான் பாக்கறேன்."

மேடம் அவளிடம் கேட்டார், "படிவத்துல அந்தக் கேள்வி எதுக்கு இருக்குன்னு தெரியுமா?"

"வேண்டாதவங்களைக் கழிச்சுவிட..."

"யாருக்கு எப்படி சைக்கிள் கட்டிக் கொடுக்கணும்னு தெரிஞ்சுக்க. அந்தத் தாள் இங்க இருந்து நேரா இவர் கடைக்குத்தான் போகும்."

மூன்று வாரம் அவள் தூங்காமல் பயந்த கேள்வி... இதற்காகவா? இதற்கா!

மேடம் ஒன்றும் இளகிவிடவில்லை. பொய் பொய்தான் என்றார். ஒரு மாதக் கணக்கு நாளையிலிருந்து மறுபடி முதல் நாள். இப்போதே முதலில் அந்தக் குழந்தை வீட்டுக்கும், பிறகு உடைந்த மற்றக் குழாய்க்குரியவர் வீட்டுக்கும் அவளே போய் மன்னிப்புக் கேட்டு, அவர்கள் சம்மதித்தால் மட்டும் மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும். கடைக்கும் ஒரு மாதம்தான் கெடு, அட்டையில் இல்லாத ஒரு நட்டைக் கண்டாலும் அதோடு சரி. "கிளம்புங்க ரெண்டு பேரும்."

வெளியே மழை விட்டிருந்தது. கூரை விளிம்பில் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. ரப்பரை அவள் மேசைமேலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். பத்தடி நடந்த பிறகுதான் ஞாபகம் வந்தது... விந்தி விந்தி நடந்துகொண்டிருக்கிறாள். நட்ட நடுத் தெருவில், பட்டப்பகலில். திரும்பிப் போய் எடுத்துவரலாமா என்று ஒரு கணம் தவித்தாள். அவன் பக்கத்தில் வந்துகொண்டிருந்தான்.

"தெரியுதா?" என்றாள் தரையைப் பார்த்துக்கொண்டே.

"தெரியுது."

"பாக்க நல்லா இல்லல்ல?"

"மெதுவா இருக்கு" என்றான். "எனக்கு அதுதாங்க வேணும். பஸ் ஸ்டாப் சீக்கிரம் வந்துடக் கூடாது."

சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் அவள் நின்றுவிட்டாள்.

"எல்லாருக்கும் இப்படித்தான் சொல்லாம கட்டை ஒட்டுவீங்களா?"

"இல்லீங்க. அட்டையில எழுதாம நான் செஞ்ச ஒரே வேலை அதுதான்."

"ஏன்?"

அவன் ஒரு நட்டைத் தேடுவதுபோல அக்கம்பக்கம் பார்த்தான். தெருவில் நட்டு எதுவும் இல்லை.

"நீங்க வலியோட மிதிக்கிறதைப் பாத்தேன். கேட்டா உங்க மனசு நோகுது, கேக்கலைன்னா கால் நோகுது. ரெண்டுமே நோகாம ஒண்ணு செய்யணும்னு நினைச்சேன்... கடைசியில விழ வெச்சுட்டேன். மேடம் போன் பண்ணினதும் எனக்கு உயிரே இல்ல. கடை போகுமேன்னு இல்லீங்க, சத்தியமா. நீங்க எப்படி இருக்கீங்களோன்னு..." மூச்சு வாங்கினான். "என் கடைக்கு வர்ற பொண்ணுங்க எல்லாருமே என்னை அண்ணான்னுதான் கூப்பிடுவாங்க. நீங்க ஒரு தடவைகூடக் கூப்பிடல. அதை வெச்சுக்கிட்டு மூணு வாரமா நானா என்னென்னமோ... தப்புன்னா சொல்லிடுங்க. இப்பவே அண்ணான்னு ஒரு தடவை கூப்பிட்டுடுங்க. நான் சைக்கிளை மட்டும் பாக்கறேன்."

அந்தக் கண்கள் அவளைப் பார்த்தன. பார்த்ததையே மறுபடி பார்த்தன. இந்த முறை அவளுக்கு ஒளிந்துகொள்ளத் தோன்றவில்லை. ஒளிக்க என்ன மிச்சம் இருக்கிறது? எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தானே நிற்கிறான்...

"மாட்டேன்" என்றாள்.

"என்ன மாட்டேன்?"

"கூப்பிட மாட்டேன். என்னிக்குமே கூப்பிட மாட்டேன்."

அவனுக்குப் புரிய மூன்று நொடி ஆனது. புரிந்ததும், "நிஜமாவா?" என்றான். உடனே, "நிஜமாவா?" என்று இன்னொரு தடவை.

"மூணாவது தடவையும் கேட்டுடுங்க."

"நிஜமாவா?"

"ஆமாங்க. எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு. முதல் நாளே பிடிச்சுப்போச்சு. அதான் அவ்வளவு பயந்தேன்."

அவன் கண்ணில் நீர் தளும்பியது. கிரீஸ் கையால் துடைத்து நெற்றி முழுக்கக் கறையாக்கிக்கொண்டான். குழந்தை வீட்டுக்குப் போகும் பஸ் அவர்களைத் தாண்டிப் போய் ஸ்டாப்பில் நின்றது. ஓடினால் பிடித்துவிடலாம். அவன் பதறிப்போய் அதையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"எனக்கு ஓட வராதுங்க" என்றாள் அவள். வாழ்க்கையில் முதல் தடவையாக அதைச் சத்தமாக, கூசாமல், ஒருவரிடம் சொன்னாள்.

"சரி, ஓட வேணாம்" என்றான் அவன். "அடுத்த பஸ்ஸுக்குப் போவோம்."